தாத்தா பெட்டியில் ரிவால்வர் உறை: என்ன விலை போகும்?

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) உடைக்கப் போறாங்க. தாத்தா சாமான்களை ஒதுக்கும்போது பரண்மேல ஒரு தகரப்பெட்டி இருந்துச்சு. உள்ளே வேட்டி, பழைய ஐசி (அடையாள அட்டை), தொழிற்சங்க ரசீதுகள். எல்லாத்துக்கும் அடியில் கித்தான் துணியில் தைச்ச ரிவால்வர் உறை ஒண்ணு, பின்னல் கயிறு ஒண்ணு, ஒரு கறுப்பு வெள்ளைப் படம். துப்பாக்கி இல்லை. அதை முதல்லயே சொல்லிடறேன்.

படத்தில் வெள்ளைக்காரத் துரை ஜீப்பு பக்கத்தில் நின்னு ரிவால்வரைக் கையில் தூக்கிப் பிடிச்சுச் சிரிக்கிறார். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருப்பது எங்க தாத்தா. அவர்தான் துரைக்கு டிரைவர்.

ஈப்போ பசார் காராட்டில் (பழைய சாமான் சந்தை) காட்டினேன், உறைக்கு 80 வெள்ளின்னு (ரிங்கிட்) சொன்னார் ஒரு கடைக்காரர். கோலாலம்பூரில் இருந்து ஒருத்தர் வாட்சாப்பில் படம் பார்த்துட்டு, "எல்லாம் சேர்த்து 600 தரேன், துப்பாக்கி எங்க இருக்குன்னு சொல்லு, அதுக்குத் தனி விலை"ங்கிறார். படத்தில் இருக்கிறது என்ன ரிவால்வர்? அது இப்ப இருந்தா என்ன விலை? உறைக்கு நியாயமா என்ன கேட்கலாம்?

தாப்பா ரோடு

600ஆ? வாங்கிட்டுப் பசியாறப் போ தம்பி. இதுக்கு ஒரு இழை வேற.

பாலாய்ப்பக்கம் (ஓய்வு)

தம்பி, அந்தக் கோலாலம்பூர் ஆளுக்கு இனிமே பதில் போடாதே. உறை வாங்கறவனுக்குத் துப்பாக்கி எங்கேங்கிற கேள்வி எதுக்கு?

மற்றவர்களும் கேட்டுக்குங்க. இந்த நாட்டில் 1960ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஒண்ணு, 1971ஆம் வருஷத்துத் துப்பாக்கிக் கூடுதல் தண்டனைச் சட்டம் ஒண்ணு. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வச்சிருந்தா 71ஆம் வருஷச் சட்டத்தில் 14 வருஷம் வரைக்கும் சிறை, அதோட ஆறு பிரம்படிக்குக் குறையாது. வாங்கி விக்கிறதுக்குத் தனிப் பிரிவு இருக்கு, அது இதைவிடக் கடுமை. ஒரே ஒரு தோட்டா மேசை டிராயரில் இருந்தாலும் கேள்வி வரும். "துரு பிடிச்சது ஐயா, சுடாது, தாத்தா காலத்துது" என்றெல்லாம் நாமே முடிவு பண்ணிக்க முடியாது. லயம் உடைக்கிறப்ப கிணத்திலோ கூரையிலோ ஏதாவது அகப்பட்டா கை வைக்காதே, படம் எடுத்து வாட்சாப்பில் சுத்தவிடாதே, பையில் போட்டுக்கிட்டுப் பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷன்) நடந்தும் வராதே. இருந்த இடத்திலேயே விட்டுட்டுப் போன் பண்ணு, அவங்க வந்து எடுத்துக்குவாங்க.

உறை, கயிறு, படம் இதுக்கெல்லாம் ஒண்ணும் இல்லை. தாராளமா வச்சுக்க.

பித்தளைக்கொக்கி (ஈப்போ)

ஐயா சொன்னதுக்கு மேலே சட்டத்தில் நான் சொல்ல ஒண்ணுமில்லை. பொருளைப் பத்திப் பேசுவோம். நான் ரிவால்வர் ஒண்ணுகூட வச்சிருக்கல. ஆனா ரிவால்வரைச் சுத்தி இருக்கிற எல்லாம் வீட்டில் இருக்கு: உறை, பெல்ட்டு, துப்புரவுக் கம்பி, பழைய கடை விலைப்பட்டியல், காலாவதியான லைசென்ஸ் புத்தகம். மலேசியாவில் இதைச் சேர்க்கிறவனுக்கு இதுதான் வழி.

பார்த்துச் சொல்லு தம்பி. உறை மூடியைத் திறந்தா உள்பக்கம் மை முத்திரை இருக்கா, என்ன எழுத்து, என்ன வருஷம்? பின்பக்கம் ரெண்டு பித்தளைக் கொக்கி இருக்கா? உள்ளே ஓரமா, விரல் அகலத்தில் நீளமா ஒரு சின்ன உறை தைச்சிருக்கா? படத்தில் ரிவால்வரோட ஹேமரில் (தோட்டாவை அடிக்கிற சுத்தி) கட்டைவிரல் வைக்கிற வால் தெரியுதா இல்லையா? பூதக்கண்ணாடி வச்சுப் பாரு. முக்கியமா, எதையும் கழுவிடாதே!

லயத்துப்பையன்

அண்ணே, பார்த்துட்டேன். முத்திரை மங்கலா இருக்கு, "எம்.ஈ.கோ", அதுக்குக் கீழே 1941. பக்கத்தில் கோழிக்கால் மாதிரி ஒரு அம்பு. கொக்கி ரெண்டும் பித்தளை, பச்சைக் களிம்பு ஏறியிருக்கு. உள்ளே நீளச் சந்து இருக்கு, காலியா. படத்தில் ஹேமர் பின்பக்கம் மொழுக்குன்னு இருக்கு, வால் எதுவும் இல்லை. பிடிக்கு அடியில் ஒரு வளையம், அதில் கயிறு மாட்டியிருக்கு.

அம்மா ஏற்கெனவே சோப்புப் போட்டு ஊறவைக்க வாளி எடுத்துட்டாங்க. ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

பித்தளைக்கொக்கி

நல்லவேளை.

எம்.ஈ.கோ என்பது லண்டன் மில்ஸ் எக்விப்மெண்ட் கம்பெனி. அம்பு, பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்கிற அடையாளம். கொக்கி, சந்து எல்லாம் சரியா இருக்கு, 1937 பாணி ராணுவ உறை. அந்தச் சந்தில் துப்புரவுக் கம்பி இருந்திருக்கும். கம்பியோட வந்தா இன்னும் கொஞ்சம் மதிப்பு.

ரிவால்வர் என்ஃபீல்ட் நம்பர் 2, மார்க் 1 ஸ்டார். ஹேமர் மொழுக்குன்னு இருக்குன்னு நீ சொன்னதுமே முடிஞ்சது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் வச்சிருந்தது வெப்ளி மார்க் 6, 1915இல் வந்தது, .455 தோட்டா, எடை ஒரு கிலோவைத் தாண்டும். அவசரமாப் பயிற்சி எடுத்த ஆள் கையில் அது அடங்கலைன்னு போருக்கப்புறம் அளவில் சின்னதான .38 தோட்டாவுக்கு இறங்கினாங்க. அதுக்காக என்ஃபீல்ட் தொழிற்சாலையே செஞ்சதுதான் நம்பர் 2, 1932இல் சேவைக்கு வந்தது. முதல் ரகத்தில் ஹேமருக்கு வால் உண்டு. 1938இல் வாலை எடுத்துட்டாங்க. டாங்கிக்குள்ளே ஏறி இறங்கறப்ப அது மாட்டிக்குதுன்னு சொல்வாங்க. அதுதான் மார்க் 1 ஸ்டார். பழைய மார்க் 1 துப்பாக்கிகளும் பழுதுக்கு வந்தப்ப வால் வெட்டப்பட்டுத் திரும்பிப் போச்சு. அதனால் இன்னைக்கு வால் வெட்டாத மார்க் 1 அபூர்வம், வெட்டினது சாதாரணம்.

துரை கையில் இருக்கிறது சாதாரண ரகம்தான் தம்பி, மனசு விட்டுடாதே. ஆனா இந்தச் சாதாரணத்துக்குள்ளேயே ரெண்டு பொக்கிஷம் ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, ரெட்டை ஸ்டார் போட்ட ரகம். போர் நடுவில், 1942இல், வேகமா உற்பத்தி பண்ணணும்னு ஹேமர் பாதுகாப்புத் தடையைக் கழட்டிட்டாங்க. கீழே விழுந்தா வெடிக்கும் என்கிற பயம் வந்ததும் அதையெல்லாம் திரும்ப வாங்கித் தடையைப் பொருத்தினாங்க. மாத்தாமல் தப்பினது ரொம்பக் கம்மி. ரெண்டாவது, ஆஸ்திரேலியாவில் ஹோவர்ட் ஆட்டோ கல்டிவேட்டர்ஸ் செஞ்சது. மண் கிளறும் இயந்திரம் செய்யற கம்பெனி! மொத்தமே சில நூறுதான் செஞ்சாங்க. ஒரே வரைபடம், ஒரே தோட்டா, பக்கவாட்டில் இருக்கிற எழுத்து மட்டும் வேற, விலையோ பல மடங்கு. உங்க படத்தில் அந்த எழுத்து தெரிய வாய்ப்பே இல்லை, அதனால் கற்பனை பண்ணாதே.

தாப்பா ரோடு

டிராக்டர் கம்பெனி ரிவால்வர் செஞ்சுச்சா? நம்ம ஊர்லயும் ரப்பர் உருளை மெஷின் கடைக்காரங்க செஞ்சிருப்பாங்க போல.

பாலாய்ப்பக்கம் (ஓய்வு)

அந்த மாதிரி செஞ்சதையும் பார்த்திருக்கேன். தண்ணிக் குழாய் வெட்டி. அதைப் பத்தி இங்கே வேணாம்.

டெக்சஸ் மச்சான் (முன்னாள் சுங்கை சிப்புட்)

நான் காந்தி கலாசாலையில் படிச்சவன், இப்ப டெக்சஸ். இங்கே வீக்கெண்ட் ஆனா துப்பாக்கிக் கண்காட்சி நடக்கும், நம்ம ஊர் பாசார் மாலம் (ராத்திரிச் சந்தை) கணக்கா. சொந்தமா மூணு நாலு பழைய பிரிட்டிஷ் ரிவால்வர் சட்டப்படி வச்சிருக்கேன். லயத்துப்பையா, விலை கேட்டியே, கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

முதல்ல, பழசு வேற, அபூர்வம் வேற. வெப்ளி மார்க் 6 நூறு வருஷம் பழசு, ஆனா லட்சக்கணக்கில் செஞ்சது. போருக்கப்புறம் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலா மலிவா வந்து இறங்கினப்ப, .455 தோட்டா இங்கே கிடைக்கலை. அதனால் சிலிண்டர் (தோட்டா போடற உருளை) பின்பக்கத்தைக் கடைஞ்சு, அமெரிக்க .45 ஆட்டோ தோட்டா போடற மாதிரி மாத்தி வித்தாங்க. ஆயிரக்கணக்கான துப்பாக்கி இப்படிப் பாழாச்சு. இன்னைக்குக் கடையாத சிலிண்டர் இருந்தா ஒரு விலை, கடைஞ்சிருந்தா விலை அப்படியே இறங்கும். விலை மட்டும் இல்லை, கடைஞ்சதில் இப்பத்திய .45 தோட்டா போட்டுச் சுடறது உயிரோட விளையாடறது. அந்த அழுத்தத்துக்கு வெப்ளி செஞ்சதில்லை.

அதே கதை ஸ்மித் அண்ட் வெஸன் விக்டரிக்கும். 1942லிருந்து போருக்காகச் செஞ்சது, சீரியல் எண்ணுக்கு முன்னாடி 'வி' எழுத்து இருக்கும். பிரிட்டிஷ் .38 அளவில் வந்த சிலிண்டரைத் துளை நீட்டி .38 ஸ்பெஷலுக்கு மாத்தினாங்க. சுட்டா பித்தளைக் கூடு வீங்கிப் பிளக்கும். ஒரு விஷயம் தெரியுமா, இந்தத் துப்பாக்கிகள் போருக்கப்புறம் பிரிட்டனில் வெளிச்சந்தைக்கு வந்தப்ப, சோதனைச் சாலைக்காரன் பேரலில் "இங்கிலாந்தில் செய்ததல்ல" என்று ஆங்கிலத்தில் குத்திட்டான். அழகா இருக்காது, ஆனா அந்தக் குத்துதான் எந்தக் கடல் தாண்டி எங்கே போச்சுங்கிறதுக்குச் சாட்சி. அதைத் தேய்ச்சு அழிச்சு வாங்கறவங்க தலையில் கட்டறவனும் இருக்கான்.

நான் மேசையில் ஒரு ரிவால்வரைப் பார்த்தா முதல்ல பார்க்கிறது திருகாணித் தலைதான். வெட்டு கூர்மையா, ஓரம் நசுங்காம இருந்தா யாரும் கழட்டலைன்னு அர்த்தம். அடுத்தது எழுத்து. பாலிஷ் போட்டு மறுபடி நீலம் (இரும்புக்கு ஏத்தற கருநீல நிறம்) ஏத்தினா எழுத்தோட ஓரம் கரைஞ்சு போகும், பள்ளம் பள்ளமா துருக்குழி மேலே பளபளன்னு நீலம் ஓடும். கண்ணுக்கு அது புதுசு மாதிரி தெரியும், சேகரிக்கிறவனுக்கு அது செத்த பொருள். பேரல் நுனியிலும் சிலிண்டர் விளிம்பிலும் உறையில் உரசி நீலம் தேய்ஞ்சிருக்கணும், அது நேர்மையான தேய்மானம். பிறகு எண்கள்: ஃபிரேம், பேரல், சிலிண்டர் மூணிலும் ஒரே எண்ணா? வெப்ளியில் சிலிண்டர் எண் வேறயா இருந்தா கடைக்காரர் முகத்தைப் பாருங்க, பேச்சை மாத்துவார்.

இன்னொண்ணு, ஒரே துப்பாக்கிக்கு நாட்டுக்கு நாடு விலை மாறும். இங்கே 1968ஆம் வருஷச் சட்டப்படி 1898க்குள்ளே செஞ்சது பழம்பொருள் கணக்கு. அதனால் 1898இல் செஞ்ச ரிவால்வருக்கும் 1899இல் செஞ்சதுக்கும் பொருளில் வித்தியாசம் இல்லாட்டியும் விலையில் உண்டு. பிரிட்டனில் 1997க்கப்புறம் கைத்துப்பாக்கிக்குக் கிட்டத்தட்டக் கதவைச் சாத்திட்டாங்க, அங்கே மார்க் 6 பெரும்பாலும் செயலிழக்க வைத்த நிலையில்தான் சுவரில் தொங்கும். நம்ம சுங்கை சிப்புட்டில் அதே பொருளுக்கு விலை கிடையாது, வழக்குதான் உண்டு.

பித்தளைக்கொக்கி

மச்சான் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். தோல் உறையில் துப்பாக்கியை வருஷக்கணக்கில் விட்டுவச்சா தோல் பதனிட்ட உப்பு இரும்பைத் தின்னும். அதனால் நல்ல உறையும் நல்ல ரிவால்வரும் ஒரே இடத்தில் கிடைக்கிறது அபூர்வம்.

அப்புறம் மார்க் 6க்கு பிரிட்சார்டு என்கிற அதிகாரி வடிவமைச்ச குத்துவாள் ஒண்ணு உண்டு. ரிவால்வர் நுனியில் மாட்டறது! கிரீனர் கம்பெனி கொஞ்சமே கொஞ்சம் செஞ்சது. அசலைவிட நகல் அதிகம். யாராவது "தாத்தா வச்சிருந்தது" என்று இதை இணையத்தில் வித்தா ஓடிப்போயிடுங்க.

டெக்சஸ் மச்சான்

அதேதான் அண்ணே. வெப்ளி ஃபாஸ்பரி பார்த்திருக்கீங்களா? ஒரு தடவை கண்ணாடிப் பேழையில் பார்த்தேன். சுடும்போது மேல்பாகம் முழுசும் பின்னுக்கு நழுவும், சிலிண்டரில் வெட்டியிருக்கிற கோணல்மாணல் பள்ளம் வழியா ஒரு முளை ஓடி அதைத் தானே சுத்திவிடும். 1901இல் சந்தைக்கு வந்தது, ஐயாயிரத்துக்கும் கம்மியாத்தான் செஞ்சாங்க. ராணுவம் எடுத்துக்கலை, சேறு பட்டா திணறும். அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினாங்க. விலை பல ஆயிரம் டாலர், பெட்டியோட வந்தா கேட்கவே வேணாம்.

லயத்துப்பையன்

அண்ணே, அப்ப உலகத்திலேயே அதிக விலைக்குப் போனது எது?

டெக்சஸ் மச்சான்

இந்தக் கேள்விக்கு ரெண்டு பதில் சொல்றேன், ரெண்டையும் பக்கத்தில் வச்சுப் பாரு.

கோல்ட் வாக்கர், 1847. மொத்தமே 1,100 செஞ்சது. இரண்டு கிலோ கனம். பெரும்பாலும் சண்டையில் வெடிச்சும் தொலைஞ்சும் போச்சு. பெட்டியோட, தோற்றம் கெடாத ஒண்ணு 2018இல் ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போச்சு. இது அபூர்வத்துக்குக் கிடைச்ச விலை.

அடுத்தது, பில்லி த கிட் என்கிற கொள்ளைக்காரனை ஷெரிஃப் பாட் கேரட் சுட்ட கோல்ட் ரிவால்வர். 1873ஆம் வருஷ மாடல், லட்சக்கணக்கில் செஞ்ச ரகம், தோற்றமும் சுமார்தான். 2021இல் 60 லட்சம் டாலருக்கு மேலே போச்சு. ஏன்? கேரட் கைப்பட எழுதின கடிதம் இருந்துச்சு. அவர் இறந்தப்புறம் விதவை மனைவி கோர்ட்டுக்குப் போய் அந்தத் துப்பாக்கியை மீட்ட வழக்கு ஆவணம் இருந்துச்சு. இரும்புக்கு இல்லை, காகிதத்துக்குத்தான் அந்தக் காசு. வாய்க்கதைக்கு யாரும் ஒரு சல்லி கொடுக்க மாட்டாங்க. கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் ரெண்டுக்கும் பழைய அனுப்புகைப் பதிவேடு இருக்கு. எண்ணைக் கொடுத்தா எந்தத் தேதியில் எந்தக் கடைக்குப் போச்சுன்னு கடிதம் கொடுப்பாங்க, அதுக்கே சந்தையில் தனி மரியாதை.

கிராணி மகள்

படிச்சுக்கிட்டே வந்தேன். எல்லாரும் துரை கையையே பார்க்கிறீங்க. ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருக்கிறவரை யாரும் கேட்கலையே?

தம்பி, படத்தோட பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கா?

லயத்துப்பையன்

இருக்கு டீச்சர். பென்சிலில் தோட்டத்துப் பேரு, ஜூன் 49, கீழே தாத்தா கையெழுத்து. தமிழ்ல.

கிராணி மகள்

அப்படின்னா அந்தப் படம் நம்ம ஊர் சம்பவத்துக்குச் சரியா ஒரு வருஷம் கழிச்சு எடுத்தது. 1948 ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்து அலுவலகத்தில் துரை வாக்கரைக் காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்னாங்க. கொஞ்ச நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் அல்லிசன், அவரோட உதவியாளர் கிறிஸ்டியன் ரெண்டு பேரையும். மூணு பேர் கல்லறையும் பத்து காஜா ஊரில் இருக்கு. அதோட பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவிச்ச அவசரகாலம் வந்தது, 1960 ஜூலை 31 வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம்தான் துரைமார் எல்லாரும் இடுப்பில் உறையோட அலைஞ்சாங்க.

துரை இடுப்பில் ரிவால்வர். பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அதே செம்மண் ரோட்டில் ஜீப்பு ஓட்டின உங்க தாத்தா இடுப்பில்? ஒண்ணும் இல்லை. புதரிலிருந்து சுடறவன் முதல்ல வண்டியை நிறுத்தத்தான் பார்ப்பான். வண்டியை நிறுத்தணும்னா யாரைச் சுடணும்?

எங்க அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணி (குமாஸ்தா). பிரிக்ஸ் திட்டம் வந்தப்ப, 1950க்கப்புறம், சிதறிக் கிடந்த லயங்களைச் சேர்த்து முள்கம்பி வேலிக்குள்ளே கொண்டுவந்தாங்க. காலையில் ரப்பர் பால்வெட்டப் போறப்ப கேட்டில் சோதனை. அரிசி, சோறு வெளியே போகக் கூடாது, காட்டில் இருக்கிறவங்களுக்குப் போயிடும்னு. வெட்டுக்காரப் பொம்பளைங்க வெறும் கறுப்புத் தேத்தண்ணியோட நிரையில் நின்னதை அப்பா சொல்லிச் சொல்லி அழுவார். ஒரு பக்கம் சாப்பாடு கேட்டுக் காட்டுக்காரன், இன்னொரு பக்கம் கொடுத்தியான்னு கேட்டுப் போலீஸ். அவங்க யார் கையிலும் ரிவால்வர் இல்லை. அவங்க தூக்குச்சட்டியை யாராவது சேகரிக்கிறீங்களா?

தாப்பா ரோடு

டீச்சர் வந்தா கிளாஸ் அமைதியாயிடும்.

ரவாங்காரன்

தமிழன் கையில் ரிவால்வர் இல்லைன்னு சொல்லிடாதீங்க டீச்சர். எங்க ஊர்க் கதையை மறந்துட்டீங்களா? தம்பிக்கோட்டையில் பிறந்து இங்கே வந்த எஸ்.ஏ. கணபதி, அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். 1949 மார்ச்சில் ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்துப் பக்கம் பிடிச்சாங்க. குற்றம் என்ன? கைத்துப்பாக்கியும் தோட்டாவும் வச்சிருந்தது. அவசரகால விதியில் அதுக்கு மரணம். நேரு அரசாங்கம் பேசிப் பார்த்தது, கேட்கலை. மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கு. அதுக்கு முதல்நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனனைச் சுட்டுக் கொன்னாங்க. கணபதி அந்தத் துப்பாக்கியைப் பாலாய்க்கு ஒப்படைக்கத்தான் எடுத்துட்டுப் போனார்னும் ஒரு பேச்சு உண்டு.

அதே 49இல் உங்க படத்தில் துரை அதைத் தூக்கிப் பிடிச்சுச் சிரிக்கிறார். அவர்கிட்டே லைசென்ஸ் இருந்திருக்கும், சரி. ஆனா நீங்க இந்த உறைக்கு 80ஆ 600ஆன்னு பேசறதைப் படிக்கும்போது எனக்குத் தொண்டையில் ஏதோ சிக்குது.

பித்தளைக்கொக்கி

ரவாங் அண்ணே, மதிப்புத் தெரிஞ்சாத்தான் பொருள் மிஞ்சும். மதிப்புத் தெரியாத வீட்டில் இதெல்லாம் லாரியேறிக் குப்பைமேட்டுக்குப் போகுது. அந்த அம்மா சோப்பு வாளியை எடுத்தது நினைவிருக்கட்டும். விலை பேசறது அவமதிப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா டீச்சர் சொன்னது சரி. தூக்குச்சட்டி என்கிட்டே இல்லை. பால் வாளி இருக்கு, வெட்டுக்கத்தி இருக்கு, அதெல்லாம் ஸ்டோரில் கிடக்கு, அலமாரியில் வச்சது உறைகளைத்தான்.

கிராணி மகள்

அலமாரியில் இடம் பண்ணுங்க. நான் அப்பாவோட செக்ரோல் புத்தகம் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) ஒண்ணு தரேன், விலைக்கு இல்லை.

டெக்சஸ் மச்சான்

டீச்சர் கணக்கைத்தான் நானும் போடறேன். வெறும் உறைன்னா அது பல்லாயிரம் உறையில் ஒண்ணு, பிரிட்டனில் இருபது முப்பது பவுண்டுக்கு இன்னைக்கும் கிடைக்கும். தேதி போட்ட படம், தோட்டத்துப் பேரு, ஓட்டினவர் கையெழுத்து, அவரோட ஐசி, சங்க ரசீது, எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கு. இப்படி ஒரு தொகுதியை நான் எந்தக் கண்காட்சியிலும் பார்க்கலை. மூணையும் மூணு பேருக்குப் பிரிச்சு வித்தா மொத்தமும் வெறும் சாமானாயிடும்.

லயத்துப்பையன்

அந்தக் கோலாலம்பூர் ஆளு நேத்து ராத்திரி மறுபடி மெசேஜ். இப்ப 900ங்கிறார். "உங்க தோட்டத்தில் பழைய ஆளுங்க யார்கிட்டயாவது சாமான் இருக்கா, கமிஷன் தரேன்" என்று வேற.

பாலாய்ப்பக்கம் (ஓய்வு)

சாமான் என்றால் என்னன்னு அவனுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். மெசேஜை அழிக்காதே, அப்படியே வச்சிரு. நாளைக்கு ஒரு பெரியவரைக் கூட்டிக்கிட்டு மாவட்டப் பாலாய்க்குப் போய்க் காட்டு. பயப்பட ஒண்ணுமில்லை, உன்கிட்டே இருக்கிறது துணி. ஆனா அவன் உன் பேரைச் சொல்லி இன்னொரு வீட்டுக் கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி நீ சொன்னதாப் பதிவு இருக்கணும்.

லயத்துப்பையன்

சரிங்க ஐயா. மாமாவோட போறேன்.

பெட்டியை விக்கலைன்னு முடிவு பண்ணிட்டேன், பாட்டியும் அதையேதான் சொல்றாங்க. பாட்டி இன்னொண்ணும் சொன்னாங்க. துரை கப்பல் ஏறினப்ப உறையும் கயிறும் தாத்தாவுக்குக் கொடுத்தாராம், தாத்தா அதில் ரொம்ப நாளு டார்ச்லைட்டு வச்சிருந்தாராம், ராத்திரி காவலுக்குப் போறப்ப. அதான் உறை வாய் அகண்டு போயிருக்கு. இதை எப்படிப் பத்திரமா வைக்கிறது?

பித்தளைக்கொக்கி

டார்ச்லைட்டா! அதையும் பாட்டி சொல்லச் சொல்லப் போனில் பதிவு பண்ணிடு, பேரு, தேதியோட.

பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதே, நம்ம ஊர் ஈரத்துக்குப் பூசணம் பிடிச்சிடும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுத்தி, தகரப்பெட்டியிலேயே, சிலிக்கா ஜெல் போட்டு வை. பொட்டலத்தை அப்பப்ப மாத்து. உறை உள்ளே பழைய செய்தித்தாள் திணிக்காதே, மை ஒட்டும், வெறும் வெள்ளைத் தாள் போதும். பித்தளைக் களிம்பை பிராஸோ போட்டுத் தேய்க்காதே. ஓரமா துணியைத் தின்னுதுன்னா மட்டும் ஈர்க்குச்சியால் மெதுவாச் சுரண்டு. படத்தை ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணி அசலை வெளிச்சத்தில் மாட்டாதே.

ஜொகூர் பாலம்

இழைக்குச் சம்பந்தம் இருக்கா தெரியலை, மன்னிக்கணும். எங்க பெரியப்பா சிங்கப்பூர் போலீஸில் இருந்தவர். அவர் வச்சிருந்த ரிவால்வரில் பாதுகாப்பு நெம்புகோல் ஒண்ணு இருந்ததுன்னு சொல்வார். ரிவால்வருக்கு ஏது அதெல்லாம்னு எல்லாரும் அவரைக் கிண்டல் பண்ணுவாங்க. என்கிட்டே இருக்கிற அவர் படத்தில் ரிவால்வர் பக்கவாட்டில் ஏதோ தெரியுது.

டெக்சஸ் மச்சான்

யாரும் சிரிக்காதீங்க, பெரியப்பா சொன்னது உண்மை! சிங்கப்பூர் போலீஸுக்குப் போன .38 வெப்ளிகளில் பாதுகாப்பு நெம்புகோல் வச்சுக் கொடுத்தாங்க, 1930கள் கடைசியிலிருந்து. ரிவால்வரில் அது ரொம்ப அபூர்வம். 1970களில் பழுதுக்கு வந்த ஒவ்வொண்ணையும் ஒதுக்கிட்டு ஸ்மித் அண்ட் வெஸன் கொடுத்தாங்க. இங்கே அந்த வெப்ளி ஒண்ணு ஏலத்துக்கு வந்தா கூட்டம் கூடும். படத்தைப் போடுங்க, பின்பக்கத்தையும் சேர்த்து.

கிராணி மகள்

பெரியப்பா பேரை மறைச்சுட்டுப் போடுங்க. அவர் முகத்தை மறைக்காதீங்க.